ஊரைத் தாங்குவோர்க்கு ஊரில் இடம்

(திருப்பதியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் சொற்பொழிவாற்றப் புலவர்களையும் பேராசிரியர்களையும் அழைப்பது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு, பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்துவரும் என்னைப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆயினும், நாள்தோறும் என் மேசையின் முன் வந்து போகும் மக்களைப் பற்றியும், அவர்கள் உழைத்து வாழும் இந்நகரைப் பற்றியும் சில சொற்கள் கூறலாம் எனத் துணிந்தேன். வளரும் நகரத்தில் ஏழைக்கு இடம் எங்கே என்பதே என் பொருள். குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற திங்களில் நம் செயற்குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கப்பட்டது. நம் சங்கக் கட்டடம் அமைந்துள்ள தெருவின் இருமருங்கிலும் இருக்கும் நடைபாதைக் கடைகளை அகற்றுமாறு மாநகராட்சியை வேண்டும் விண்ணப்பம் அது. உறுப்பினர் சிலர் கையொப்பமிட்டனர். சிலர், ‘விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்றனர். நான் கையொப்பமிடவில்லை. கையொப்பமிடாதவன் அதற்குரிய காரணத்தைச் சபையில் சொல்லக் கடமைப்பட்டவன். அதனைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். கையொப்பமிட்டோர் என் மதிப்பிற்குரியோர். அவர்கள் கூறும் குறையும் பொய்யன்று. ஆதலின் அவர்களைப் பழிப்பதற்காக அன்றி, அவர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதற்காகவே பேசுகிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். இராமாநுசர் 1130-ஆம் ஆண்டில் மலையடிவாரத்தில் கோவிந்தராசர் கோயிலை நிறுவினார். கோயிலைச் சுற்றி வீதிகள் தோன்றின. வீதிகளைச் சுற்றி ஊர் தோன்றியது என்பது மரபு. கோயிலுக்கு மாலை தொடுப்பவர் வேண்டும். மண்பாண்டம் வனைபவர் வேண்டும். நீர் சுமப்பவர் வேண்டும். பெருக்கித் துடைப்பவர் வேண்டும். வேலை செய்வோர் நடந்து வரும் தொலைவுக்குள் வாழாமற்போனால் அக்காலத்துக் கோயிலூர் ஒருநாளும் நடந்திராது. ஏழையும் செல்வனும் ஓரூரில் வாழ்ந்தமைக்கு அன்பு மட்டுமே காரணம் என்று நான் கூற மாட்டேன். சாதிக்கொரு தெரு என்னும் கொடுமையும் அவ்வூர்களில் இருந்தது. ஆயினும், உழைப்பவன் உழைக்கும் இடத்துக்கு அருகிலேயே இருந்தான் என்பது உண்மை.

1886-இல் திருப்பதி நகராட்சியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகைவண்டி வந்தது. காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தெற்கிலிருந்தும், இரேணிகுண்டா வழியாகச் சென்னையிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 1981-இல் திருப்பதி நகர வளர்ச்சிக்கென ‘துடா’ என்னும் ஆணையம் அமைந்தது. 2007-இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி நகரின் மக்கள்தொகை மூன்று இலட்சத்தை நெருங்கியது. சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்தால் நாலரை இலட்சத்தைக் கடந்தது. 2016 செப்டம்பரில் மைய அரசின் ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்துக்கு நம் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் பிறந்தது. 2023 செப்டம்பரில் நகரின் நடுவே ‘சீனிவாச சேது’ என்னும் நீண்ட மேம்பாலம் திறக்கப்பட்டது. வளர்ச்சி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால், பெரியோர்களே, வளர்ச்சி என்பது பாலமும் கட்டடமும் மட்டுமோ? நாள்தோறும் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் மலைமேல் வழிபடுகின்றனர். அவர்களுள் ஒருவர் புகைவண்டியை விட்டிறங்கி, மலையேறி, மீண்டும் வண்டியேறும் வரையில் எத்தனை கைகள் அவருக்கு உதவுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூட்டை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், விடுதியில் விரிப்பு வெளுப்பவர், எச்சில் இலை எடுப்பவர், கழிப்பறை கழுவுபவர், பூ விற்பவர், தேநீர் ஆற்றுபவர், மொட்டையடிப்பவர், விடியுமுன் தெருக் கூட்டுபவர் என்று அவ்வரிசை நீண்டுகொண்டே போகும். கோயில் நகரம் என்னும் பெரும் தேரை இழுக்கும் வடம் இவர்கள் கையில்தான் இருக்கிறது. தேர் நிலைக்கு வந்தபின் வடம் பிடித்தவர் உறங்கும் இடம் எது என்று நாம் கேட்பதில்லை.

நாடு முழுவதும் இதே நிலைதான். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் 37 கோடிக்கு மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தனர். அவர்களுள் ஆறரைக் கோடிப் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் நகரங்களில் நூற்றுக்கு 35 குடும்பங்களுக்கு மேல் குடிசைப் பகுதிகளில் இருந்தன. இந்திய மாநிலங்களுள் அதுவே மிக உயர்ந்த விகிதம். இவை எண்கள். எழுத்தனுக்கு எண் பழகிய பொருள். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஓர் அடுப்பு எரிகிறது என்பதை எழுத்தனும் மறத்தல் ஆகாது.

நகரங்கள் எல்லோரையும் அணைத்துக்கொள்வனவாகவும், பாதுகாப்பானவையாகவும், நெடுங்காலம் நிலைப்பனவாகவும் அமைய வேண்டும் என்று 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஒரு குறிக்கோள் வகுத்தது. 2030-க்குள் எய்தவேண்டிய பதினேழு குறிக்கோள்களுள் அது பதினோராவது. நன்று. ஆனால் அக்குறிக்கோள் நியூயார்க்கு மாநகரில் எய்தப்படுவதன்று; நம் தெருவில் எய்தப்பட வேண்டியது.

இனி ஏழையின் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் பழமொழி. அவ்வளையைத் தர அரசுகள் முயலாமல் இல்லை. 2020 டிசம்பரில் ஆந்திர அரசு மாநிலம் முழுவதும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுமனைப் பட்டாக்களை வழங்கத் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் ஒன்றரைச் சென்ட். நகர்ப்புறத்தில் ஒரு சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மிகுதி. அதற்குப்பின் வந்த அரசு நகரத்தில் இரண்டு, ஊர்ப்புறத்தில் மூன்று சென்ட் என்று அறிவித்துள்ளது. பட்டா பெண்ணின் பெயரில் தரப்பட்டது பாராட்டத்தக்கது. கட்சிகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் எழும் ஒரு கேள்வியைத்தான் பேசுகிறேன்: அந்த மனை எங்கே இருக்கிறது?

நகருக்குள் நிலத்தின் விலை ஏறிவிட்டது. ஆகவே ஏழைக்கென ஒதுக்கும் நிலம் பெரும்பாலும் நகருக்கு வெளியே, பேருந்து அருகிய இடத்தில் அமைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு. ஆயினும் உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணவனும் மனைவியும் நகரில் வேலை செய்கின்றனர். நகரில் ஓர் அறைக்கு மாத வாடகை 3,000 ரூபாய். பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் சொந்த மனை கிடைக்கிறது. வாடகை மிச்சம். ஆனால் ஒருவருக்குப் போகவர நாளொன்றுக்கு 60 ரூபாய் என்று கொண்டால், மாதம் 26 நாளுக்கு 1,560 ரூபாய். இருவருக்கு 3,120 ரூபாய். மிச்சமான வாடகை போய், மேலும் 120 ரூபாய் கையிலிருந்து செல்கிறது. வழியில் கழியும் இரண்டு மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்?

2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திராவில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்துள்ளது. தமிழ்நாட்டில் நகரச் சாதாரணப் பேருந்துகளில் 2021 முதலே உண்டு. நம் கணக்கில் மனைவியின் பங்கு இதனால் குறைகிறது, மகிழ்ச்சி. ஆனால் பூக்கட்டும் அம்மையார் விடியற்காலை மூன்று மணிக்குப் பூக்கூடையை எடுக்க வேண்டும். அந்நேரத்தில் அவருக்குப் பேருந்து ஏது? கட்டணம் இல்லாத பேருந்தும் வராத பேருந்தாயின் பயன் என்ன? ஆகவே, மனையை வைத்துக்கொண்டே மீண்டும் நகரில் வாடகைக்கு இருப்போரை நான் அறிவேன். ‘வீடு அங்கே இருக்கிறது ஐயா, சோறு இங்கே இருக்கிறது’ என்று பார்சல் அலுவலகத்தில் ஒரு தாயார் என்னிடம் சொன்னார். நான் இன்று பேசப்போவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

புகைவண்டிக்கும் இக்கணக்கில் பங்கு உண்டு. சித்தூரிலிருந்தும் பாகாலாவிலிருந்தும் சந்திரகிரியிலிருந்தும் வேலைக்கு வருவோர் உங்களுள் பலர். 2020-இல் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்ட சாதாரணப் பயணி வண்டிகள், மீண்டும் ஓடியபோது நாடெங்கும் விரைவு வண்டிக் கட்டணத்தில் ஓடின. பத்து ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் முப்பது ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. பருவச்சீட்டு உள்ளோர் தப்பினர். நாள்தோறும் வேலை உண்டா இல்லையா என்று அறியாத கூலியாள் மாதச் சீட்டு எப்படி வாங்குவார்? 2009-இல் ‘இஜ்ஜத்’ என்னும் பருவச்சீட்டு அறிவிக்கப்பட்டது. நூறு கிலோமீட்டர் வரை மாதம் 25 ரூபாய். அமைப்புசாராத் தொழிலாளர்க்கு உரியது. எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் மாத வருவாய் 1,500 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கே என்று வரம்பு கட்டப்பட்டது. நாளுக்கு ஐம்பது ரூபாய் கூலிக்கு இன்று யார் வேலை செய்கிறார்? வரம்பு நின்ற இடத்தில் நிற்க, விலைவாசி நடந்துபோய்விடுமானால், எழுதப்பட்ட சலுகை எழுத்தளவில் நிற்கும். ஏழையின் வீட்டுக் கொள்கையும் பயணக் கட்டணமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதற்கு இவை சான்று.

சென்னையின் அனுபவம் நமக்குப் பாடமாகட்டும். 1970-இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. தொடக்கக் காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் எழுந்தன. குறைகள் பல இருப்பினும், அங்கு வாழ்ந்த மீனவர் கடலை விட்டு விலகவில்லை. சுமை தூக்குவோர் சந்தையை விட்டு விலகவில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டுக் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் பல்லாயிரம் குடும்பங்கள் கொண்டு செல்லப்பட்டன. நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டரும் அதற்கு மேலும் அவர்கள் தள்ளிப்போயினர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி நீர் தேங்கும் நிலத்துக்கு அருகே குடியமர்த்திய விந்தையை என்னென்பது!

நீர் என்றவுடன் நம் ஊரின் குட்டைகள் நினைவுக்கு வருகின்றன. தெலுங்கில் ‘குண்ட’ என்றால் குட்டை. தாதய்யகுண்ட, கொரமேனுகுண்ட என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்களைச் சற்று நின்று கேளுங்கள். ‘கொரமேனு’ என்பது விரால்மீன். விரால் துள்ளிய குட்டையின் பெயரை இன்று வீடுகள் நெருங்கிய பகுதி தாங்கி நிற்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் குட்டைகளில் தங்கி, ஏரிகளில் நிறைந்து, சுவர்ணமுகி ஆற்றைச் சேர்ந்தது ஒரு காலம். நகரம் வளர்ந்தது, குட்டைகள் மேடாயின. யார் மேடாக்கினாலும், அங்கே மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நிற்பவர் ஏழைதான். ஏனெனில் தாழ்ந்த நிலத்துக்கே தாழ்ந்த விலை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நகரின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின, மலைப்பாதைகள் மூடப்பட்டன, பழமையான இராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். சித்தூரில் நீவா ஆறும் பெருகியது.

கோடையிலோ இதற்கு நேர்மாறான துன்பம். கல்யாணி அணையும் தெலுங்கு கங்கை நீரும் நகரைக் காக்கின்றன. கிருட்டிணை ஆற்று நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் அதே திட்டம் திருப்பதிக்கும் நீர் தருகிறது என்பது நமக்குப் பெருமைதரும் செய்தி. ஆனால் தொட்டியுள்ள வீடு வாரத்துக்கு நீர் சேமிக்கிறது. நான்கு குடங்கள் மட்டுமே உள்ள வீடு நான்கு குடந்தான் சேமிக்கும். குழாய் ஒரு நாள் வராவிட்டால் இருவருக்கும் ஒரே துன்பம் அன்று. நகரம் நிலைத்து வாழ வேண்டுமாயின் குட்டையையும் ஏரியையும் காக்க வேண்டும். அவற்றைக் காப்பதன் பெயரால் கரையிலுள்ள குடிசையை மட்டும் பிரித்து, அதே கரையிலுள்ள மாளிகையை விட்டுவிடுதல் நீதியாகாது. குடிசையைப் பிரிப்பதற்கு முன்பே மாற்றிடம் அருகில் தரப்பட வேண்டும்.

அருகில் இடம் தருதல் இயலுமா? இயலும் என்று செய்து காட்டியோர் உண்டு. ஒடிசா மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் செய்தது. குடிசைப் பகுதியில் வாழ்வோர்க்கு அவர்கள் வாழும் இடத்திலேயே நிலவுரிமை வழங்குவது அதன் நோக்கம். அவ்வுரிமை மக்களுக்கு வழிவழியாகச் சேரும், வங்கியில் ஈடு வைக்கலாம், விற்க இயலாது. விற்க இயலாது என்பது தடை போலத் தோன்றினும், செல்வர் கைக்கு நிலம் மாறாமல் காக்கும் வேலி அதுவே. நிலவுரிமை கிடைத்ததும் சாலை, வடிகால், விளக்கு, குடிநீர் ஆகியன தொடர்ந்து வந்தன. தாய்லாந்தில் 2003-இல் ‘பான் மங்கோங்’ என்னும் திட்டம் தொடங்கியது. அரசு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. குடியிருப்போர் சேமிப்புக் குழுவாகக் கூடினர். குழுவுக்கு அரசு கடனும் உதவியும் தந்தது. இருந்த இடத்திலோ அருகிலோ தாமே திட்டமிட்டுக் கட்டிக்கொண்டனர். நம் மாநிலத்தில் மகளிர் குழுக்களுக்குக் குறைவில்லை. பணத்தைத் திருப்பிச் செலுத்துவதில் அவர்கள் பெயர்பெற்றவர்கள். கடனை நம்பிக் கொடுக்கும் நாம், திட்டத்தையும் நம்பிக் கொடுக்கலாகாதா?

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். தெரு அடைபடுகிறது என்பது மெய். நோயாளியை ஏற்றிய வண்டி நம் தெருவில் திணறியதை நானும் கண்டேன். குப்பை சேர்வதும் மெய். இவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2014-இல் நாடாளுமன்றம் தெரு வணிகர்க்கெனத் தனிச்சட்டம் செய்தது. தெரு வணிகரைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடியும்வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது அச்சட்டம். இடம் மாற்ற வேண்டுமாயின் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழு ஒன்று அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடங்கள் வணிகர்களே தேர்ந்தெடுக்கும் பேராளர்க்கு உரியன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நகர மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டரை வரை தெரு வணிகர்க்கு இடம் தர வேண்டும். மூன்று இலட்சம் மக்கள் உள்ள ஊருக்கு இது 7,500 கடைகளாகும்.

இச்சட்டம் ஒரு நாளில் பிறந்ததன்று. 1985-இல் பம்பாய் நடைபாதை வாசிகளின் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அகற்றுவதை அந்தத் தீர்ப்பு முற்றிலும் தடுக்கவில்லை. ஆயினும், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை நாட்டின் சட்டத்தில் நிலைநாட்டியது. ஆகவே, ‘அகற்றுக’ என்னும் நம் விண்ணப்பம் சட்டத்தின் முன் நிற்காது. அறத்தின் முன்னும் நிற்காது.

அதற்கு மாறாக நாம் கேட்க வேண்டியது யாது? தெருவின் ஒருபுறம் மட்டும் கோடு கிழித்துக் கடைகளுக்கு இடம் குறிக்குமாறு கேட்போம். மறுபுறம் வண்டிக்கு விடப்படட்டும். காலையில் பூவுக்கும் காய்க்கும், மாலையில் உணவுக்கும் என நேரம் வகுக்கப்படட்டும். மேம்பாலத்தின் அடியில் பாதுகாப்பான இடங்கள் இருப்பின் அங்கே முறையான கடைத்தெரு அமைக்கப்படட்டும். குப்பைத் தொட்டியும், பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் வேண்டும் என்று கேட்போம். நாள் முழுவதும் தெருவில் அமர்ந்திருக்கும் பெண், கழிப்பறை இல்லாமையால் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கிறாள். அவளிடம் பூ வாங்கிக் கூந்தலில் சூடும் நம் வீட்டுப் பெண்டிர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது? நகர மன்றத்திடம். 1992-ஆம் ஆண்டு அரசியற்சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை வலியுறுத்தியது. ஆயினும் 2007-இல் மாநகராட்சியான திருப்பதிக்கு முதல் மாநகராட்சித் தேர்தல் 2021 மார்ச்சில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதிகாரிகளே நகரை ஆண்டனர். அதிகாரிகளுள் நல்லோர் பலர் இருந்திருப்பர். ஆனால் வடிகால் அடைத்துக்கொண்ட நாளில், ‘எங்கள் வாக்கால் வந்தவர் நீர்’ என்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும். செல்வனுக்கு அதிகாரியின் தொலைபேசி எண் தெரியும். ஏழைக்கு வாக்குச்சீட்டு ஒன்றே தெரியும். தேர்தல் தவறுமானால் முதலில் ஊமையாவது ஏழைதான். ஆகவே உரிய காலத்தில் நகரத் தேர்தல் வேண்டும் என்று கேட்பதும் குடிசைவாழ் மக்களுக்குச் செய்யும் தொண்டே ஆகும்.

தோழர்களே, நம்மைப் பற்றியும் ஒரு சொல் கூறுவேன். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவில் நின்றன. எல்லைக்கோடு வரைபடத்தில் நிலைத்தது. மக்கள் போக்குவரவு நிற்கவில்லை. வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நம் முன்னோர் பெட்டியும் படுக்கையுமாய் வந்தனர். முதலில் திண்ணையில் படுத்தனர். பின்னர்க் கடைவாசலில் கடை விரித்தனர். பின்னர்க் கடை வாங்கினர். நம் சங்கத்தின் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், தொழில் என்னும் கட்டத்தில் ‘தள்ளுவண்டி’ என்றும் ‘கூடை வியாபாரம்’ என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். தெலுங்கு மக்கள் அன்று அவர்களை அகற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதியிருந்தால் இந்த மண்டபமும் இல்லை, இந்த விழாவும் இல்லை. நம் தெருவில் இன்று கடை விரிப்போருள் தெலுங்கரும் உண்டு, தமிழரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. பசிக்கு மொழி இல்லை. விருந்தோம்பலுக்கும் இருத்தல் ஆகாது.

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் இம்மண்டபத்தில் எழுத்துதவி மேசை ஒன்று அமைப்போம். புதிதாக வரும் ஏழைக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. தெரு வணிகர் சான்றிதழுக்கும், 2020-இல் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கிய தெரு வணிகர் கடனுக்கும், வாக்காளர் பட்டியலுக்கும் நாம் படிவம் எழுதித் தருவோம். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு அட்டை கொண்டு அத்திட்டத்தின்படி இங்கேயே அரிசி பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐந்து ரூபாய்க்கு உணவு தரும் அண்ணா உணவகங்கள் 2024 ஆகஸ்டில் மீண்டும் திறக்கப்பட்டதும் புதியவர்க்குத் தெரியாது. அறியாமையால் பசித்திருப்பவனுக்குச் செய்தி சொல்லுதலும் அன்னதானமே. படிவம் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாழ்நாள் முழுவதும் செய்த தொழில் அதுதான்.

இரண்டாவது, நம்முள் கடையும் விடுதியும் நடத்துவோர், தம் வேலையாட்கள் இரவில் எங்கே உறங்குகின்றனர் என்பதை ஒருமுறை நேரில் சென்று காணுங்கள். மாடியில் ஓர் அறை, வாசலில் ஒரு குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை.

மூன்றாவது, செயற்குழுவிலுள்ள விண்ணப்பத்தைக் கிழிக்க வேண்டாம், திருத்துவோம். ‘அகற்றுக’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, ‘ஒழுங்குசெய்து இடம் தருக’ என்று எழுதுவோம். கீழே, நடைபாதைக் கடைக்காரர்களையும் அழைத்து அவர்களும் கையொப்பமிடச் செய்வோம். எழுதத் தெரியாதவர் கைந்நாட்டு வைக்கட்டும். அப்படி எழுதப்படும் விண்ணப்பத்தில் முதற்கையொப்பம் இடுவதற்கு எனக்கு வாய்ப்பளிக்குமாறு வேண்டுகிறேன்.

 வாழ்க நம் சங்கம்! வாழ்க உழைப்போர்!